ஸ்கிரிப்டுக்குள் இருந்து கட்டளையின் வெளியீட்டைப் பிடிப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். பைத்தான் ஸ்கிரிப்டில் ‘ஓஎஸ்.சிஸ்டம்’ வழியாக, வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையை இயக்கி, அது திருப்பித் தருவதை ஒரு மாறியில் வைத்தால், வட்டு விவரமெல்லாம் திரையில் ஓடிவிடுகிறது, மாறியிலோ 0 மட்டும் இருக்கிறது. அது ஏன் என்பது முதல் கேள்வி. வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையின் அறிக்கையை பாஷ் ஸ்கிரிப்டில் பிடித்து வைத்தால், கையால் இயக்கும்போது முழுதாகக் கிடைக்கிறது, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரானில் போட்டால் மாறி வெறுமையாக இருக்கிறது. அது ஏன் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே விடை சொல்கிறேன். நிரல் வரிகளைத் தனியே எழுதாமல் பெயர்களைச் சொல்லி விளக்குகிறேன்.

ஒரு கட்டளை ஓடி முடியும்போது நமக்கு மூன்று விஷயங்களைத் தருகிறது. ஸ்டாண்டர்டு அவுட்புட் என்ற வழியில் தன் விடையை எழுதுகிறது; ஸ்டாண்டர்டு எரர் என்ற வேறொரு வழியில் எச்சரிக்கைகளையும் பிழைச்செய்திகளையும் எழுதுகிறது; முடிந்து போகும்போது 0 முதல் 255 வரையிலான ஒரு முடிவு எண்ணை விட்டுச் செல்கிறது. டெர்மினலில் முதல் இரண்டும் ஒரே திரையில் கலந்து விழுவதாலும், மூன்றாவது கண்ணுக்கே தெரியாததாலும், ‘வெளியீடு’ என்று ஒரே பொருள் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஸ்கிரிப்ட் எழுதும்போது வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்து பிறப்பவையே.

உங்கள் 0 அந்த மூன்றாவது பொருள். ‘ஓஎஸ்.சிஸ்டம்’ ஒரு ஷெல்லை, அதாவது நாம் எழுதும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலை (பாஷ் அதில் ஒரு வகை), தொடங்கி, கட்டளையை அதனிடம் கொடுத்து, முடியும்வரை காத்திருந்து, முடிந்த விதத்தை மட்டும் சொல்கிறது. அதையும்கூட யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் நேரடியாகச் சொல்வதில்லை. கட்டளை 1 என்ற எண்ணுடன் தோற்றால் உங்கள் மாறியில் 256 வந்து உட்காரும். முடிவு எண்ணை எட்டு பிட் இடப்பக்கம் தள்ளிவைக்கும் பழைய வழக்கத்தை அது அப்படியே ஒப்பிக்கிறது. பெர்லிலும் ‘சிஸ்டம்’ இதே வேலையைத்தான் செய்கிறது, அங்கும் புதியவர்கள் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

விடை திரைக்குப் போனதற்குக் காரணம் இது. எந்த பிராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலும், பிறக்கும்போதே 0, 1, 2 என்று எண்ணிட்ட மூன்று வாசல்களுடன் பிறக்கிறது: உள்ளீட்டுக்கு 0, விடைக்கு 1, பிழைச்செய்திக்கு 2. இவை தாய் பிராசஸிடமிருந்து சேய்க்கு அப்படியே மரபாக இறங்குகின்றன. உங்கள் ஸ்கிரிப்டின் 1 டெர்மினலைப் பார்த்திருந்தால் ‘டிஎஃப்’பின் 1-உம் அதே டெர்மினலைத்தான் பார்க்கும், அது எழுதியது உங்கள் ஸ்கிரிப்டைத் தொடாமலேயே திரைக்குப் போயிற்று. வழியில் வராத ஒன்றை எந்த மாறியும் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமானால், சேய் தொடங்குவதற்கு முன்பே இயங்குதளத்திடம் ஒரு பைப், அதாவது ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்க உதவும் குழாய், கேட்டு வாங்கி, அதன் எழுதும் முனையைச் சேயின் 1-இல் பொருத்தி, படிக்கும் முனையை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் வற்புறுத்த, கென் தாம்ப்சன் 1973-இல் யூனிக்ஸில் சேர்த்த அதே பைப்தான் இது. 1979-இல் வந்த போர்ன் ஷெல்லின் சாய்ந்த மேற்கோள் குறியிலிருந்து (`) இன்றைய பைத்தான் தொகுதிவரை, வெளியீட்டைப் பிடிக்கும் வசதிகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இதுவே.

பைத்தானில் இன்று இதற்குச் சரியான வாசல் ‘சப்பிராசஸ்’ தொகுதியின் ‘ரன்’ செயற்கூறு. கட்டளையையும் அதன் தெரிவுகளையும் ஒரு பட்டியலாகக் கொடுத்து, ‘கேப்சர்_அவுட்புட்’ என்பதையும் ‘டெக்ஸ்ட்’ என்பதையும் ‘ட்ரூ’ ஆக்கினால், திரும்பி வரும் பொருளில் ‘எஸ்டிடிஅவுட்’, ‘எஸ்டிடிஎர்’, ‘ரிட்டர்ன்கோட்’ என்று மூன்றும் தனித்தனியே கிடைக்கும். ‘ரன்’ 2015-இல் பைத்தான் 3.5 உடன் வந்தது. இந்த இரண்டு தெரிவுகளும் 2018-இல் 3.7 உடன் வந்தன. பழைய குறிப்புகளில் நீங்கள் பார்க்கும் ‘ஓஎஸ்.போப்பன்’, ‘செக்_அவுட்புட்’ ஆகியவை இன்றும் வேலை செய்யும் என்றாலும் புதிதாக எழுதும்போது அவற்றைத் தொட எந்தக் காரணமும் இல்லை. ‘கமாண்ட்ஸ்’ என்ற தொகுதியைக் காட்டும் குறிப்பு கிடைத்தால் அப்பால் வைத்துவிடுங்கள். பைத்தான் 3-இல் அது நீக்கப்பட்டுவிட்டது.

மற்ற மொழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெர்லும் ரூபியும் சாய்ந்த மேற்கோள் குறியை ஷெல்லிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டன. ரூபியில் மூன்றையும் தனித்தனியே வாங்க ‘ஓப்பன்3’ இருக்கிறது. பிஎச்பியில் ‘எக்ஸெக்’ கடைசி வரியை மட்டுமே திருப்பித் தரும் என்பதை அறியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வதுண்டு. எல்லா வரிகளும் வேண்டுமானால் இரண்டாவது இடத்தில் ஒரு வரிசையைக் கொடுக்க வேண்டும், அல்லது ‘ஷெல்_எக்ஸெக்’கை அழைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடில் ‘எக்ஸெக்’ முழு வெளியீட்டையும் நினைவகத்தில் சேர்த்துவைக்கிறது, இயல்பு மதிப்பான 1 எம்பியைத் தாண்டினால் சேய் பிராசஸையே கொன்றுவிடுகிறது; பெரிய வெளியீட்டுக்கு ‘ஸ்பான்’ தான் ஏற்றது. விண்டோஸின் பவர்ஷெல்லில் கட்டளையை மாறிக்கு நேராகவே சமன் செய்யலாம். முடிவு எண் வேறொரு மாறியில் தங்கும்.

இனி பாஷ். டாலர் குறியையும் அடைப்புக்குறியையும் சேர்த்த $( ) வடிவம் கார்ன் ஷெல்லில் தோன்றி பின்னர் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றது. பழைய சாய்ந்த மேற்கோளை இன்று எழுதாமலிருப்பதே நல்லது: ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும்போது அதில் பின்சாய்வுக் கோடுகள் பெருகிக்கொண்டே போகும், $( ) வடிவத்திலோ எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் அப்படியே எழுதலாம். பிடிக்கப்பட்ட உரையின் கடைசியில் இருக்கும் புதுவரிக் குறிகள் அத்தனையும் வெட்டப்பட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்றை மட்டும் வெட்டுவதில்லை, எத்தனை இருந்தாலும் வெட்டும். பெரும்பாலான வேளைகளில் அது வசதிதான். ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைப் பைட் பிசகாமல் வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் அது இழப்பு. அவர்கள் கட்டளையின் முடிவில் ஓர் எழுத்தைக் கூடுதலாக அச்சிட்டு, பிடித்தபின் அதை நீக்கிக்கொள்வார்கள். அழகில்லாத வழி, ஆனால் பிழையில்லாத வழி. மதிப்பு 0 உள்ள பைட்டுகளை பாஷ் மாறி ஏந்தவே முடியாது. ஆகவே படம், சுருக்கிய கோப்பு போன்றவற்றை மாறியில் பிடிக்க முயலாதீர்கள்.

பிடித்ததைப் பயன்படுத்தும்போது மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மேற்கோள் இல்லாவிட்டால், ஷெல் அந்த உரையை இடைவெளி, தாவல், புதுவரி ஆகிய இடங்களில் துண்டாக்கி, துண்டுகளில் நட்சத்திரக் குறி இருந்தால் நடப்பு அடைவின் கோப்புப் பெயர்களையும் அதன் இடத்தில் கொண்டுவந்து கொட்டும். ‘டிஎஃப்’ காட்டிய ஆறு வரி அட்டவணை ஒரே நீள வரியாக அச்சாகிறது என்று கேட்பவர்கள் எல்லாரும் மறந்தது இந்த மேற்கோளைத்தான். வெளியீடு சரியாகத்தான் பிடிபட்டிருக்கிறது, அச்சிடும்போதுதான் கெட்டிருக்கிறது.

முடிவு எண்ணை பாஷில் $? என்ற மாறியில் பார்க்கலாம், ஆனால் உடனே பார்க்க வேண்டும். அடுத்த கட்டளை ஓடியதும் அது மாறிவிடும். இதில் ஒரு நுண்ணிய பொறி இருக்கிறது. செயற்கூறு ஒன்றுக்குள் ‘லோக்கல்’ என்று மாறியை அறிவித்து, அதே வரியிலேயே $( ) மூலம் மதிப்பையும் கொடுத்தால், $?-இல் கிடைப்பது உங்கள் கட்டளையின் எண் அன்று, ‘லோக்கல்’ என்ற கட்டளையின் எண். அது எப்போதும் வெற்றி பெறும் என்பதால் உள்ளே நடந்த தோல்வி மறைந்துபோகும். பிழை வந்தால் நின்றுவிடு என்று ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -இ’ எழுதியிருந்தாலும் அந்த வரி தாராளமாகக் கடந்து போகும். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பளிப்பை அடுத்த வரியிலும் எழுதுவதே இதற்குத் தீர்வு. பைப்பால் தொடுத்த கட்டளைகளிலும் இதுபோல, கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே கணக்கில் வரும். நடுவில் ஒன்று தோற்றதும் தெரிய வேண்டுமானால் ‘பைப்ஃபெயில்’ தெரிவை இயக்க வேண்டும்.

சுழியல்லாத எண்ணெல்லாம் பழுது என்று எண்ணுவதும் தவறு. ‘கிரெப்’ தேடியது கிடைக்காவிட்டால் 1 தரும், உண்மையான கோளாறு என்றால் 2 தரும். ‘டிஃப்’ இரு கோப்புகள் வேறுபட்டால் 1 தரும். உங்கள் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ இதில் இன்னும் விசித்திரமானது. அதன் முடிவு எண் எட்டு தனித்தனி பிட்டுகளின் தொகுப்பு. 1 சேர்ந்திருந்தால் நீங்கள் கொடுத்த தெரிவுகளில் தவறு. 2 சேர்ந்திருந்தால் வட்டைத் திறக்க முடியவில்லை. 8 சேர்ந்திருந்தால் வட்டு பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று வட்டே சொல்கிறது. 64 சேர்ந்திருந்தால் முன்பு நேர்ந்த பிழைகள் வட்டின் பதிவில் உள்ளன. பைத்தானில் ‘செக்’ என்ற தெரிவை ‘ட்ரூ’ ஆக்கி இதை இயக்கினால், நலமாக இருக்கும் நாட்களில் அறிக்கை ஒழுங்காக வரும். வட்டு பழுதாகத் தொடங்கிய அன்றைக்கு, எந்த நாளுக்காக இந்த ஸ்கிரிப்டை எழுதினீர்களோ அந்த நாளில், விதிவிலக்கு எழுந்து ஸ்கிரிப்ட் பாதியில் விழும். ஆகவே இதற்கு ‘செக்’ வேண்டாம். எண்ணை வாங்கி, பிட் வாரியாகப் பார்த்து, முதல் இரண்டு பிட்டுகள் எழுந்திருந்தால் மட்டும் ‘கட்டளை ஓடவில்லை’ என்றும், மற்றவற்றை ‘வட்டு இப்படிச் சொல்கிறது’ என்றும் பிரித்துக் கையாளுங்கள்.

பிழைச்செய்திகளின் வழியான 2-ஐ என்ன செய்வது என்பதில் என் கருத்து உறுதியானது: பின்னால் கணினி படிக்கப்போகும் வெளியீட்டில் அதைக் கலக்கவே கூடாது. 2>&1 என்று எழுதி இரண்டையும் ஒன்றாக்கும் பழக்கம், மனிதர் படிக்கும் பதிவுக் கோப்புக்குப் பொருந்தும், எண்ணவோ பிரிக்கவோ போகும் உரைக்குப் பொருந்தாது. நான் ஒருமுறை காப்புப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்டில், ஓர் அடைவின் கீழுள்ள கோப்புகளை ‘ஃபைண்ட்’ கொண்டு பட்டியலிட்டு, ‘டபிள்யூசி’யால் வரிகளை எண்ணி, மூலத்திலும் பிரதியிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிழைச்செய்தி தொலைந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் 2>&1 சேர்த்திருந்தேன். அனுமதி மறுக்கப்பட்ட ஓர் உள்ளடைவு மூலத்தில் இருந்தது. ‘ஃபைண்ட்’ அதைப் பற்றி எழுதிய ஒரு வரிப் புகாரும் ஒரு கோப்பாக எண்ணப்பட்டது. பிரதியில் அதே நேரத்தில் வேறொரு கோப்பு கூடுதலாகக் கிடந்ததால் கணக்கு நேராகிவிட்டது. உள்ளடைவு பிரதியில் இல்லை என்பது பல வாரங்களுக்குப் பின்னரே தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டையும் தனித்தனியே பிடிக்கிறேன். பாஷில் 2-ஐ ஒரு தற்காலிகக் கோப்புக்குத் திருப்புவதே எளிது.

கலக்கத்தான் வேண்டும் என்றால் வரிசை முக்கியம். கோப்புக்குத் திருப்பும் குறியை முதலிலும் 2>&1-ஐ அடுத்தும் எழுதினால் இரண்டும் கோப்புக்குப் போகும். மாற்றி எழுதினால் பிழைச்செய்திகள் திரையிலேயே நிற்கும், ஏனெனில் 2>&1 என்பதன் பொருள் ‘1 இந்த நொடியில் எங்கே பார்க்கிறதோ அங்கே 2-உம் பார்க்கட்டும்’ என்பதே; பிறகு 1 வேறு பக்கம் திரும்பினால் 2 கூடவே திரும்பாது.

பைப்புக்கு ஒரு கொள்ளளவு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. லினக்ஸில் அது பொதுவாக 65,536 பைட், லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6.11 பதிப்புக்கு முன் 4,096 பைட்டாக இருந்தது. அது நிரம்பினால் எழுதுபவர் நிறுத்தப்படுவார், படிப்பவர் கொஞ்சம் காலி செய்தபின்தான் தொடர்வார். இப்போது ‘ரன்’னை விட்டுவிட்டு ‘போப்பன்’ கொண்டு நீங்களே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 1-க்கும் 2-க்கும் தனித்தனி பைப் வைக்கிறீர்கள். முதலில் 1-ஐ முடிவுவரை படித்துவிட்டு, பிறகு 2-ஐப் படிப்பதாக எழுதுகிறீர்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. சேய் பிராசஸ் பிழைச்செய்திகளை எழுதிக்கொண்டே போய் 2-இன் பைப்பை நிரப்பிவிடுகிறது. அங்கே அது நிற்கிறது. நிற்பதால் 1-ஐ மூடவில்லை. 1 மூடப்படாததால் உங்கள் ஸ்கிரிப்ட் அதன் முடிவுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் அதற்காக, அது உங்களுக்காக. மையச் செயலியின் பயன்பாடு சுழி, பிழைச்செய்தி எதுவும் இல்லை, இரண்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். சோதனையில் நான்கு வரி வெளியீட்டுடன் ஓடிய ஸ்கிரிப்ட், உண்மையான தரவின் மேல் மட்டும் உறைந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். ‘கம்யூனிக்கேட்’ என்ற முறை இரண்டு பைப்புகளையும் ஒருசேரக் கவனித்து, எதில் வந்தாலும் உடனே அள்ளிக்கொள்கிறது. ‘ரன்’ உள்ளுக்குள் அதைத்தான் அழைக்கிறது. வெளியீடு பல நூறு எம்பி வரும் என்று தெரிந்தால் பைப்பே வேண்டாம், 1-ஐ நேராக ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டுப் பிறகு கோப்பைப் படியுங்கள்.

இதற்கு உறவான இன்னோர் உறைதலும் உண்டு. $( ) எப்போது முடிகிறது? உள்ளே இருக்கும் கட்டளை முடியும்போது அன்று, பைப்பின் எழுதும் முனையை வைத்திருக்கும் எல்லாரும் அதை மூடும்போது. உள்ளிருக்கும் கட்டளை பின்னணியில் ஒரு சேவையைத் தொடங்கிவிட்டு உடனே முடிந்தாலும், அந்தச் சேவை 1-ஐ மரபாகப் பெற்றிருந்தால், அது உயிரோடு இருக்கும்வரை உங்கள் ஸ்கிரிப்ட் நகராது. பின்னணிக்குப் போகும் சேவையின் 1-ஐயும் 2-ஐயும் எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும் ‘நல்’ சாதனத்துக்கோ பதிவுக் கோப்புக்கோ திருப்பிவிட்டால் சிக்கல் தீரும். பைத்தானில் ‘டைம்அவுட்’ கொடுத்திருந்தும் நேரம் கடந்து ‘ரன்’ திரும்பாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்: ஷெல் வழியாக இயக்கியிருந்தால் கொல்லப்படுவது ஷெல் மட்டும், அதன் பிள்ளை பைப்பைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. உங்கள் ‘டிஎஃப்’புக்கு ‘டைம்அவுட்’ கட்டாயம் தேவை என்பேன், ஏனெனில் பதில் தராத வலையமைப்பு வட்டு ஒன்று இணைக்கப்பட்டிருந்தால் அது அங்கேயே தொங்கி நிற்கும். இயந்திரத்தின் சொந்த வட்டுகள் மட்டும் போதுமானால் ‘-எல்’ தெரிவைக் கொடுங்கள்.

வெளியீட்டை முடிவில் மொத்தமாக வாங்காமல் வர வர வரியாகப் படிக்க விரும்பினால் வேறொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. டெர்மினலில் வரிக்கு வரி உடனே காட்டிய நிரல், பைப்பில் மௌனமாக இருந்துவிட்டு திடீரென்று ஒரு குவியலாகக் கொட்டும். சி மொழியின் நூலகம், எதிரே டெர்மினல் இருந்தால் வரி முடிந்ததும் அனுப்பும், இல்லையென்றால் சில ஆயிரம் பைட் சேரும்வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும். தாமதம் எழுதுபவர் பக்கம் இருப்பதால் படிக்கும் பக்கத்தில் என்ன மாற்றினாலும் பயன் இராது. சேயும் பைத்தான் என்றால் ‘-யூ’ தெரிவுடன் தொடங்குங்கள். மற்றவற்றுக்கு ‘எஸ்டிடிபஃப்’ கட்டளையின் ‘-ஓஎல்’ தெரிவு பெரும்பாலும் உதவும். அதற்கும் மசியாதவற்றுக்குப் போலி டெர்மினல் ஒன்றைக் காட்டித்தான் ஏமாற்ற வேண்டும்.

எதிரே டெர்மினல் இருக்கிறதா என்று பார்த்து நடையை மாற்றிக்கொள்ளும் கட்டளைகள் இன்னும் உண்டு. ‘எல்எஸ்’ திரையில் பல பத்திகளாகக் காட்டும், பைப்பில் வரிக்கு ஒரு பெயர் எழுதும். ‘கிரெப்’ திரையில் நிறம் தீட்டும், பைப்பில் தீட்டாது. ஆகவே திரையில் பார்த்த வடிவத்தை மனத்தில் வைத்துப் பிரிக்கும் நிரலை எழுதாதீர்கள். ‘கேட்’ கட்டளைக்குள் ஒருமுறை செலுத்தி, பைப்பில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அதைவிட நல்லது, இயந்திரம் படிப்பதற்கென்றே இருக்கும் வடிவத்தைக் கேட்பது. ‘ஸ்மார்ட்சிடிஎல்’ 7.0 பதிப்பிலிருந்து ஜேசன் என்ற, நிரல்கள் எளிதில் படிக்கும் உரை வடிவத்தைத் தருகிறது, வட்டுகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’யும் ஜேசன் தரும், ‘டிஎஃப்’புக்கு ‘-பி’ தெரிவைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் ஒரு வட்டுக்கு ஒரு வரி என்பது உறுதியாகும். மொழி அமைப்பைப் பொறுத்துத் தலைப்புகளும் பிழைச்செய்திகளும் மாறும் என்பதால், பிரிக்கப்போகும் கட்டளைக்கு ‘எல்சி_ஆல்’ மாறியைச் ‘சி’ என்று வைத்து இயக்குவது வழக்கம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். பைப்பிலிருந்து 4,096 பைட்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனியாக உரையாக்கினால், துண்டின் ஓரத்தில் ஓர் எழுத்து பிளந்து பிழை எழும். முழுதும் சேர்ந்தபின் மாற்றுங்கள், அல்லது ‘டெக்ஸ்ட்’ தெரிவிடம் அந்த வேலையை விடுங்கள். நிரல்களின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் (Git) கருவியின் வெளியீட்டைப் பிடிப்பவர்கள் ‘அ’ என்ற பெயருக்குப் பதில் \340\256\205 என்று வருவதைப் பார்த்திருப்பார்கள். அந்த எழுத்தின் மூன்று பைட்டுகளை எட்டை அடிமானமாகக் கொண்ட எண்களாகக் காட்டுவது கிட்டின் இயல்பு நடத்தை. ‘-இசட்’ தெரிவைச் சிறிய எழுத்தில் கொடுத்தால் பெயர்கள் அப்படியே வரும், அவற்றுக்கு இடையில் 0 மதிப்புள்ள பைட் பிரிப்பானாக நிற்கும்.

கட்டளையை ஒரே சரமாக ஒட்டி ஷெல்லிடம் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. வெளியிலிருந்து வந்த கோப்புப் பெயரில் ஓர் அரைப்புள்ளி இருந்தால் போதும், அதற்குப் பின்னால் வருவதை ஷெல் தனிக் கட்டளையாக இயக்கிவிடும். பட்டியலாகக் கொடுத்தால் ஷெல்லே நடுவில் வராது. பெயர் எப்படி இருந்தாலும் பெயராகவே போய்ச் சேரும்.

இப்போது கிரான். கிரான் உங்கள் உள்நுழைவுச் சூழலைப் படிப்பதில்லை. பல லினக்ஸ் வகைகளில் அது தரும், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் ‘பாத்’ மாறியில் ‘/யூஎஸ்ஆர்/பின்’, ‘/பின்’ என்ற இரண்டு அடைவுகள் மட்டுமே இருக்கும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரின் கிரானுக்கும் அவ்வளவுதான். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ பொதுவாக ‘/யூஎஸ்ஆர்/எஸ்பின்’ அடைவில் இருக்கிறது. ஆகவே ஷெல்லால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘கட்டளை இல்லை’ என்ற செய்தி 2-இன் வழியே போயிற்று, முடிவு எண் 127 ஆயிற்று, 1-இல் எழுத எவரும் இல்லாததால் உங்கள் மாறி வெறுமையாக நின்றது. நீங்கள் பார்த்தது மூன்றில் ஒன்றை மட்டும். மற்ற இரண்டும் காரணத்தை அப்போதே சொல்லிவிட்டிருந்தன. கட்டளையின் முழுப் பாதையை எழுதினாலோ, ஸ்கிரிப்டின் தலையில் ‘பாத்’தை நீங்களே வைத்துக்கொண்டாலோ இது தீரும். கிரான் வரியிலேயே நேரடியாகக் கட்டளை எழுதுபவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: அங்கே % குறி புதுவரியாகக் கொள்ளப்படும்; பின்சாய்வுக் கோடு இடாமல் எழுதினால் வரி பாதியில் முறியும்.

உங்கள் ‘டிஎஃப்’ ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை, பைத்தானில் இருந்துகொண்டு வெளிக் கட்டளையை அழைக்கவே தேவையில்லை. ‘எஸ்எச்யுடில்’ தொகுதியின் ‘டிஸ்க்_யூசேஜ்’ ஒரு பாதையைக் கொடுத்தால் மொத்தம், பயன்பட்டது, மீதம் என்ற மூன்று எண்களையும் பைட்டில் தந்துவிடும். பிரிக்க உரையே இராது. ‘ஸ்மார்ட்சிடிஎல்’லுக்கு அப்படி மாற்று இல்லாததால் அதை ‘ரன்’ வழியாக, முழுப் பாதையுடன், பட்டியலாக, ஜேசன் தெரிவுடன், முப்பது நொடி ‘டைம்அவுட்’ வைத்து, ‘செக்’ இல்லாமல் அழையுங்கள். மூன்றையும் பதிவுக் கோப்பில் எழுதிவைத்தபின் ஜேசனைப் பிரியுங்கள். அதன் பிறகும் கிரானில் வேறுபாடு தெரிந்தால், கிரானிலிருந்து, சூழல் மாறிகளைக் காட்டும் ‘என்வி’ கட்டளையை ஒருமுறை இயக்கி அதன் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, டெர்மினலில் அதே கட்டளை தருவதுடன் ‘டிஃப்’ வைத்துப் பாருங்கள். எந்த மாறி குறைகிறது என்பது அங்கே வரிவரியாகத் தெரிந்துவிடும்.